ஆட்டோ கேரியர் வேகனில் மேல் டெக்கை ஏற்றி இறக்குவது எப்படி

கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி பக்கம் கார் கேரியர் டிரெய்லரில் வேலை பார்த்தவர்களுக்கு மேல் டெக் புதிதல்ல. லீவரைத் தள்ளினால் ஹைட்ராலிக் தூக்கும், வண்டி உள்ளே போகும், டெக் மறுபடி இறங்கும். அதே பழக்கத்தோடு கார் ஏற்றும் ரயில் வேகனுக்கு வருகிறவர்கள் மூன்று இடத்தில் தடுமாறுகிறார்கள். பல வகை வேகன்களில் டெக்கைத் தூக்கும் பவர் வேகனிலேயே கிடையாது. கைப்பிடியைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் செயின் பிளாக்கோ (சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவி) ஃபோர்க்லிஃப்டோ வெளியிலிருந்து வர வேண்டும். இன்னொன்று, டிரெய்லர் தனி ஆள், ரேக், அதாவது பல வேகன்கள் கோத்த சரக்கு ரயில், அப்படியில்லை. கார்கள் ஒரு வேகனைத் தாண்டித்தான் அடுத்த வேகனுக்குப் போகின்றன, அதனால் உங்கள் டெக்கின் உயரம் பக்கத்து வேகனையும் பாதிக்கும். மூன்றாவது கூரை. திறந்த டிரெய்லரில் மேல் தட்டு வண்டிக்கு மேலே வானம். மூடிய வேகனில் கீழே கொடுத்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் மேலே குறையும்.

இந்தியப் பிராட்கேஜில் வேகனின் உச்சி தண்டவாளத்திலிருந்து நடுவில் 4,265 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பக்கங்களில் அதைவிடக் குறைவு, அதனால்தான் கூரை தோள்பட்டையில் சரிந்திருக்கிறது. அமெரிக்காவில் 19, 20 அடி உயர வேகன்கள் ஓடுவதால் அங்கே மூன்று தட்டு வைக்க முடிகிறது. ஒரே வேகனை இரண்டு தட்டாகவும் மூன்று தட்டாகவும் மாற்றிக்கொள்ளும் மல்டி-மேக்ஸ் போன்ற வகைகளும் அங்கே உண்டு. நமக்கு இரண்டு தட்டுதான், அதிலும் இழுபறி. பழைய பயணிகள் பெட்டிகளை மாற்றிச் செய்த என்.எம்.ஜி. வகையில் ஒரே தட்டு என்பதால் இந்தக் கவலையே இல்லை, ஆனால் ஏறும் வண்டியும் குறைவு. 2013இல் மாருதி நிறுவனம் ஆட்டோமொபைல் சரக்கு ரயில் இயக்கும் உரிமம் பெற்ற பிறகு ‘ஃபிளெக்ஸி டெக்’ ரேக்குகள் பரவலாயின. ஒரு ரேக்கில் 300 வண்டிக்கு மேல் ஏறும். டெக்கைத் தாங்கும் லாக் பின்கள் தூண்களில் உள்ள துளைகளில் போய் உட்காரும். அந்த எண்ணிக்கை நிஜமாவது மேல் டெக்கைச் சரியான துளையில் நிறுத்துகிறவர் கையில் இருக்கிறது.

உயரக் கணக்கு, ரேக் வருவதற்கு முன்

இதை ரேக் வந்து நின்ற பிறகு போடுகிறவர்கள்தான் டெமரேஜ் கட்டுகிறார்கள். வேகனுக்கு மணிக்கணக்கில் ஓடும் கட்டணம் அது. டெக்கை இரண்டாவது முறை மாற்ற ஆகும் நேரம் முழுவதும் அதில்தான் போய்ச் சேரும்.

தேவைப்படுவது நான்கு எண்கள்: கீழ்த்தரையிலிருந்து கூரையின் மிகத் தாழ்ந்த விலா வரை உள்ள உயரம், மேல் டெக்கின் தடிமன், லாக் பின் துளைகளுக்கு இடையே உள்ள தூரம், ஏற்றப்போகும் வண்டிகளின் உயரம். முதல் மூன்றும் வேகன் வகைக்கு வகை மாறும், அதனால் வேகனின் கையேட்டிலும் பலகையிலும் உள்ளதையே எடுங்கள். கீழே வருவது கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கான மாதிரி வேகன்.

உள் உயரம் 3,560, டெக் தடிமன் 110 என்று வைத்துக்கொள்வோம். மீதி 3,450. இதைத்தான் கீழுக்கும் மேலுக்கும் பங்கு போட வேண்டும். துளைகள் 75 மி.மீ.க்கு ஒன்று, கீழே கிடைக்கும் உயரம் 1,650, 1,725, 1,800, 1,875, 1,950 என்று படிப்படியாகத்தான் மாறும். மேலே அதற்கேற்ப 1,800, 1,725, 1,650, 1,575, 1,500. ஒவ்வொரு வண்டிக்கும் தலைக்கு மேல் 75 மி.மீ. விடுவோம்.

கீழே எர்டிகா, மேலே ஸ்விஃப்ட். எர்டிகா 1,690, அதோடு 75 சேர்த்தால் 1,765, ஆகவே 1,800 துளை. மேலே 1,650 கிடைக்கும். ஸ்விஃப்ட் 1,520, 75 சேர்த்தால் 1,595. ஐம்பத்தைந்து மிச்சம். நல்ல ஜோடி.

மேலும் கீழும் வேகன்ஆர் வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். 1,675 உயரம், 75 சேர்த்து 1,750. இரண்டு தட்டுக்கும் 3,500 வேண்டும், இருப்பது 3,450. முடியாது என்று சொல்லிவிடலாம். வேகன்ஆரை ஒரு தட்டில் வைத்து மறு தட்டை ஸ்விஃப்டுக்குக் கொடுத்தால் எந்தத் தட்டு எது என்றாலும் நிற்கும்.

இன்னோவா ஹைகிராஸ் வந்தால் கணக்கு இறுகுகிறது. 1,785 என்றால் 1,860 வேண்டும், துளை 1,875. மேலே 1,575 மட்டும். ஸ்விஃப்டுக்கு இருபது மி.மீ. குறைகிறது. ‘இருபதுதானே’ என்ற பேச்சு இங்கேதான் வரும், அங்கேதான் கூரை நசுங்கும். 1,500 உயரமுள்ள பலேனோவை மேலே போட்டால் சரியாக உட்காரும். பொலேரோ 1,880, கீழே போட 1,955 வேண்டும், மேலேயும் வண்டி வைத்தால் கிடைப்பது அதிகபட்சம் 1,950. ஐந்து மி.மீ.க்காக அந்த வேகன் ஒற்றைத் தட்டாகிறது, மேல் டெக்கை வெறுமையாக, இந்தத் துளைகளுக்கும் மேலே உச்சிக்கு ஏற்றி நிறுத்த வேண்டும். வலிக்கும், ஆனால் கணக்கு அதுதான்.

அந்த 75 வீணாக விடும் இடமல்ல. ஓடும்போது வண்டி தன் ஸ்பிரிங்கில் எழும்பும். மேல் டெக் சுமையேறினால் நடுவில் கொஞ்சம் தொய்யும், அது கீழ் வண்டியின் தலையில்தான் இறங்கும். டயரில் காற்று கூடுதலாக இருக்கலாம், தொழிற்சாலையிலிருந்து வரும் புது வண்டிகளில் இது சாதாரணம். இவையெல்லாம் சேர்ந்து தின்பதற்குத்தான் அந்த இடம். கையேடு இதைவிட அதிகம் கேட்டால் அதையே வையுங்கள், குறைவாகக் கேட்டாலும் 75ஐக் குறைக்காமல் இருப்பது நல்லது.

வண்டி உயரத்தைப் புரோஷரில் பார்த்து எழுதினால் மட்டும் போதாது. ரூஃப் ரெயில் உள்ள வேரியன்ட் ஒன்று, இல்லாதது ஒன்று. ஆன்டெனா கழற்றப்பட்டிருக்கிறதா, டீலர் கேட்ட கேரியர் மாட்டியிருக்கிறதா என்று யார்டில் ஒவ்வொரு வேரியன்டிலும் ஒரு வண்டியை அளந்துவிடுங்கள்.

வேகனின் முனைதான் இறுக்கமான இடம்

வேகனின் நடுவில் சரியாக இருக்கும் கணக்கு முனையில் தப்பாகும். தரை சக்கரங்களுக்கு மேல் வரும் இடத்தில் உயர்ந்தும் நடுவில் தாழ்ந்தும் இருக்கும் வேகன்கள் உண்டு. அதில் கீழ்த்தட்டு உயரம் மூன்று இடத்தில் மூன்று விதம். உயரமான வண்டி நடுப்பள்ளத்தில் நிற்க இடமிருந்தாலும் அங்கே போய்ச் சேர முனையைத் தாண்ட வேண்டும்.

அதோடு சரிவு வேறு. வண்டி ரேம்பிலிருந்து வேகனுக்குள் நுழையும்போது முன்சக்கரம் 100 மி.மீ. மேட்டில் ஏறினால், முன்சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள கூரையும் கிட்டத்தட்ட அதே 100 உயரும். கூரையின் உச்சி இரு சக்கரங்களுக்கும் நடுவே இருந்தால் 50 உயரும். நின்றால் 75 இடைவெளி உள்ள வண்டி, நுழையும்போது 25 இடைவெளியோடு போகிறது. இதற்காகத்தான் பல வடிவங்களில் மேல் டெக்கின் கடைசித் துண்டு கீல் வைத்துத் தனியாகத் தூக்கும்படி இருக்கிறது. கீழ்த்தட்டு ஏறும்போது அதை மேலே மடக்கி விடுவார்கள். கீழே நிறைந்ததும் இறக்கிப் பூட்டி மேல்தட்டை ஏற்றுவார்கள். கீழ்த்தட்டு முதலில், மேல்தட்டு பிறகு என்ற வரிசை இந்த வகை வேகனில் இதிலிருந்துதான் வருகிறது. மேல் முனையில் ஒரு வண்டி நின்றுவிட்டால் அந்தத் துண்டைத் தூக்க முடியாது. இறக்கும்போது தலைகீழ்: மேலே காலி செய்து, முனையை மடக்கி, பிறகு கீழே.

ரேக் முழுவதையும் ஒன்றாகப் பாருங்கள்

தனி வேகனில் சரியாக வரும் ஜோடி ரேக்கில் சேராமல் போவதுதான் புதியவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. ரேம்ப் ஒரு முனையில் இருக்கிறது, தூரத்து வேகன் முதலில் நிறைகிறது. கீழ்த்தட்டில் தூரத்து வேகனுக்குப் போகும் வண்டி, வழியில் உள்ள எல்லா வேகன்களின் கீழ்த்தட்டையும் தாண்டிப் போகிறது. வழியில் எங்கே டெக் மிகத் தாழ்ந்திருக்கிறதோ அதுதான் அந்த வண்டிக்கு அளவு. எனவே ஹைகிராஸ் ஏற்றும் வேகன்கள், அதாவது டெக் உயர்ந்த வேகன்கள், ரேம்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மேல்தட்டில் இதே ஏற்பாடு எதிராகத் திரும்புகிறது. ரேம்புக்குப் பக்கத்தில் டெக் உயர்ந்திருப்பதால் அங்கே மேல்தட்டில் 1,575தான் இருக்கிறது. தூரத்து வேகனில் மேலே 1,800 விட்டு வேகன்ஆருக்கு இடம் செய்து வைத்திருந்தாலும், வேகன்ஆர் அந்த 1,575ஐத் தாண்டிப் போகவே முடியாது. ஒரே பக்கத்திலிருந்து ஏற்றும் ஒரே பிளேஸ்மென்டில், அதாவது ரேக்கை ஒருமுறை ரேம்பில் நிறுத்தி ஏற்றும்போது, கீழே உயர வண்டியும் மேலே உயர வண்டியும் சேர்ந்து வராது. வழி இரண்டுதான். ரேக் முழுவதும் மேல்தட்டுக்குக் குள்ள வண்டிகளை மட்டும் ஒதுக்கலாம். அல்லது ரேக்கை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக ரேம்பில் நிறுத்தச் சொல்லலாம், அதற்கு ஷன்டிங்கும் (என்ஜின் வைத்து வேகன்களை லைன் மாற்றுவது) நேரமும் ஆகும். டிஸ்பேட்ச் பிளான் போடுகிறவரிடம் இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் அவர் டீலர் ஆர்டரைப் பார்த்து வண்டியை வரிசைப்படுத்திவிட்டு உங்கள் தலையில் கட்டுவார்.

அடுத்தடுத்த வேகன்களின் டெக்குக்கு இடையே ஒரு துளை வித்தியாசத்துக்கு மேல் வைக்காதீர்கள். இரு வேகன்களுக்கு நடுவே பாலமாகப் போடும் பிரிட்ஜ் பிளேட் 1.2 மீட்டர் நீளம் என்றால் 75 மி.மீ. ஏற்றம் பதினாறுக்கு ஒன்று, தாங்கும். இரண்டு துளை என்றால் எட்டுக்கு ஒன்று. முன் பம்பரின் அடிப்பகுதி தகட்டில் உரசும், உரசிய தடம் டெலிவரி இன்ஸ்பெக்‌ஷனில்தான் தெரியும். டெக்கை 1,800லிருந்து 1,950க்கு மாற்ற வேண்டியிருந்தால் நடுவில் 1,875இல் ஒரு வேகன் விடுங்கள்.

டெக்கை நகர்த்துவதற்கு முன்

என்ஜின் கழற்றப்பட்டிருக்க வேண்டும், வேகன்களுக்கு ஹேண்ட் பிரேக் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும், இரு முனையிலும் சிவப்புக் கொடி. லைன் பொறுப்பாளரிடமிருந்து வேலை தொடங்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். யாராவது ‘போகலாம்’ என்று கத்தியதை நம்பி யாரும் டெக்குக்குள் போகக் கூடாது.

மேலே பாருங்கள். ஓமலூர்–தர்மபுரி–ஓசூர் பாதை இப்போது மின்மயம், ஜோலார்பேட்டை–மொரப்பூர்–சேலம் பிரதான பாதை அதற்கு முன்பே. மேலே ஓடும் மின்கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, 2 மீட்டருக்குள் ஆளோ இரும்புக் குழாயோ வந்தாலே ஆபத்து. கூரையில் ஏறுவதும், மேல் டெக் முனையில் நின்று நீளமான கம்பியை நிமிர்த்துவதும் மின்கம்பி இல்லாத லைனிலோ, மின்சாரம் துண்டித்து அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகோதான். அளவெடுக்க இரும்புக் குழாய் வேண்டாம், பி.வி.சி. குழாயோ சவுக்குக் கம்போ போதும்.

டெக் வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு வண்டி நின்றாலும் தூக்காதீர்கள், டெக் சாயும். தரையில் உள்ள கட்டைகள், ஸ்ட்ராப்புகள், உடைந்த கண்ணாடித் துண்டு, கல் எல்லாம் வெளியே. தூணின் வழித்தடத்தில் ஒரு சின்ன ஜல்லி சிக்கினாலும் அந்த மூலை நின்றுவிடும்.

ஆட்கள் நான்கு மூலைக்கு நான்கு, கட்டளைக்கு ஒருவர். ஓசூர் பக்கம் குழுவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் கலந்திருக்கும். ‘நிறுத்து’ என்பதை நாலு மொழியில் கத்துவதைவிட விசில் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று நிறுத்து, இரண்டு தூக்கு, மூன்று இறக்கு. நிறுத்து மட்டும் யார் ஊதினாலும் செல்லும். மார்கழி, தை காலையில் ஓசூரில் இரும்பு பனியில் நனைந்து வழுக்கும். சித்திரையில் தர்மபுரியில் மதியம் அதே இரும்பைத் தொட முடியாது. இரண்டுக்கும் கையுறை.

டெக்கை நகர்த்தும் வரிசை

இது தூண்களில் துளையும் லாக் பின்னும் உள்ள வகைக்கு.

1. முனைக் கதவுகளைத் திறந்து கொக்கியில் மாட்டுங்கள். காற்றில் அடித்துக்கொள்ளும் கதவு ஆளைத் தட்டும்.

2. செயின் பிளாக்குகளை டெக்கில் தூக்குவதற்கென்று உள்ள வளையங்களில் மட்டும் மாட்டுங்கள். குறுக்குக் கம்பியில் கட்டித் தூக்கினால் கம்பி வளையும், அப்புறம் டெக் ஒருபோதும் சரியாக உட்காராது.

3. பத்து முதல் இருபது மி.மீ. மட்டும் தூக்குங்கள். லாக் பின்கள் மேல் இருந்த சுமை போய்விடும், கையால் இழுத்தாலே வரும். வரவில்லை என்றால் சம்மட்டி எடுக்காதீர்கள். அந்த மூலை இன்னும் பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மூலையின் செயினை மட்டும் கொஞ்சம் இழுத்தால் போதும்.

4. எல்லாப் பின்களையும் எடுத்துவிட்டதை எண்ணிச் சொல்லுங்கள். நடுத்தூண்களில் கூடுதல் பின் இருக்கும் வடிவங்களில் அதை மறப்பது அதிகம். மறந்த பின்னோடு தூக்கினால் டெக் நடுவில் வளைந்துவிடும்.

5. நான்கு மூலையும் சேர்ந்து ஏற வேண்டும். தூணில் துளைகளுக்குப் பக்கத்தில் சாக்பீஸில் 25 மி.மீ. கோடு போட்டுக்கொண்டால் யார் முந்துகிறார் என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு கோட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் விசில்.

6. வேண்டிய துளைக்குக் கொஞ்சம் மேலே போய் நிறுத்துங்கள். பின்னைச் செருகுங்கள், கிளிப்பை மாட்டுங்கள். எல்லா மூலையிலும் போட்ட பிறகுதான் அடுத்தது.

7. மெதுவாக இறக்கி, சுமை முழுவதையும் பின்கள் மேல் உட்கார வையுங்கள். செயின் தொய்ய வேண்டும். செயின் இறுக்கமாக இருக்கும்வரை டெக் செயினில் தொங்குகிறதே தவிர, பூட்டில் உட்காரவில்லை.

ஏழாவதை விட்டுவிட்டுச் செயினைக் கழற்றினால் டெக் பத்து மி.மீ. தடாரென்று விழுந்து பின்னில் உட்காரும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதனாலேயே பலர் இதைச் செய்கிறார்கள். ஒரு பின் பாதிதான் நுழைந்திருக்கிறது என்றால் அந்த அதிர்ச்சியில் அது வெளியே வந்துவிடும்.

பாதி நுழைந்த பின்னைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நன்றாக வேலை செய்த பின்னில், தூணின் இரு சுவரும் உரசும் இடத்தில் இரண்டு பளபளப்பான வளையங்கள் விழுந்திருக்கும், மற்ற இடம் கருத்த கிரீஸ். செருகிய பின்னில் தூணுக்கு வெளியே ஒரு பளபளப்பு வளையம் தெரிந்தால் அது முழுதாகப் போகவில்லை. கிளிப் துளையின் அந்தப் பக்கம் கிளிப் சுலபமாக நுழைந்து விரலால் சுற்ற வருகிறதா என்றும் பாருங்கள். பெயின்ட் அடித்த புதுப் பின்னில் இந்த வளையங்கள் இருக்காது. அதனால் புதுப் பின்களில், முழுதாக நுழைந்தால் தூணின் வெளிச்சுவர் எங்கே வருமோ அங்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிடுங்கள்.

கடைசியாக அளவுக் குச்சி. பி.வி.சி. குழாயை வண்டி உயரத்தோடு 75 சேர்த்த அளவில் வெட்டி மேலே டி வடிவில் குறுக்குத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். வேகனின் இரு முனை, நடு, கூரையின் இரு தோள்பட்டை என்று நிமிர்த்திக்கொண்டே நடங்கள். எங்கேயும் முட்டக் கூடாது. டேப் வைத்து அளந்து எழுதுவதைவிட இது வேகம், தப்பும் குறைவு. மாடலுக்கு ஒரு குச்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வேகன் எண், துளை எண், நேரம் ஆகியவற்றைக் கதவுத் தூணில் சாக்பீஸிலும் சீட்டிலும் எழுதுங்கள்.

ஸ்க்ரூ ராடு வகையில்

இங்கே கைப்பிடியைச் சுற்றினால் நீளமான ஷாஃப்ட் வழியாக எல்லா மூலையின் ராடும் சேர்ந்து சுற்றும், மூலைகள் தாமாகவே மட்டமாக ஏறும். பிட்ச், அதாவது ராடு ஒரு சுற்றுக்கு டெக் ஏறும் அளவு, 6 மி.மீ. என்றால் 75 மி.மீ.க்கு ராடு பன்னிரண்டரைச் சுற்று. கியர்பாக்ஸ் விகிதம் இருந்தால் அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். சுற்றை எண்ணுவது வெறும் பழக்கம் அல்ல. எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு மூலை தாழ்ந்திருந்தால், அங்கே ஷாஃப்டை இணைக்கும் பின் வெட்டுப்பட்டிருக்கிறது அல்லது நட்டின் மரை தேய்ந்திருக்கிறது. கைப்பிடி திடீரென்று லேசானாலும் அதே சந்தேகம்தான். திடீரென்று கனத்தால் எங்கோ சிக்கியிருக்கிறது. பலத்தைக் கூட்டாமல் எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று விட்டுப் பாருங்கள்.

டிரில் மெஷின் மாட்டிச் சுற்றுகிறவர்களுக்கு இந்தக் கை உணர்வு கிடைக்காது. மெஷின் தேவைதான், ஆனால் முதல் ஐந்து சுற்றும் கடைசி ஐந்து சுற்றும் கையால். மரை தானாக இறங்காத வகையாக இருந்தாலும், லாக் போட இடமிருந்தால் லாக் போட்டே ஆக வேண்டும். பல நூறு கிலோமீட்டர் அதிர்வில் எந்த மரையும் கொஞ்சம் நகரும்.

சிக்கிக்கொண்டால்

ஒரு மூலை முந்திப் போய் டெக் கோணலாகி இறுகிவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. உடனே தோன்றுவது, தாழ்ந்த மூலையைத் தூக்கிச் சரி செய்யலாம் என்பது. அது இன்னும் இறுகும். உயர்ந்த மூலையை இறக்குங்கள், ஒரு நேரத்தில் ஐந்து மி.மீ. மட்டும். இறுக்கம் விடுபடும்போது டெக் கொஞ்சம் குதிக்கும், அதனால் எல்லோரும் வெளியே நின்றுதான் இதைச் செய்ய வேண்டும். எந்த நேரத்திலும் தூக்கிய டெக்கின் கீழே ஆள் போகக் கூடாது. போயே தீர வேண்டும் என்றால் முதலில் பின்னைப் போட்டு, அதற்கும் மேல் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

பின் காணாமல் போவது அடுத்த தொல்லை. பக்கத்தில் கிடக்கும் போல்டையோ டி.எம்.டி. கம்பித் துண்டையோ செருகி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பி துளையைவிட மெலிது, அதனால் சுமை ஒரு கோட்டில் நின்று துளையை நீள்வட்டமாக்கும். அடுத்த பயணத்தில் சரியான பின் போட்டாலும் ஆடும். பின் இல்லாத வேகன் அன்றைக்கு ஒற்றைத் தட்டுதான். நீள்வட்டமான துளையைக் கண்டால் அதில் சுமை ஏற்றாமல் வேகன்களைப் பரிசோதித்துப் பழுது பார்க்கும் சி அண்ட் டபிள்யூ ஆட்களுக்கு எழுதிக் கொடுங்கள், அங்கேயே வெல்டிங் வைக்கப் போக வேண்டாம்.

கிரீஸ் பற்றி ஒரு வார்த்தை. அதிகம் தடவினால் நல்லது என்று நினைக்கிறார்கள். கிரீஸில் யார்டின் மண் ஒட்டி உப்புத்தாள் போல மரையை அரைக்கும். பழையதை டீசல் துணியால் துடைத்த பிறகு மெல்லிய பூச்சு போதும். டெக்கின் தரையில் ஒரு சொட்டும் விழக் கூடாது.

வண்டி ஏற்றும்போது

கனமான வண்டி கீழே. ஃபார்ச்சூனர் இரண்டு டன்னுக்கு மேல், ஸ்விஃப்ட் ஒரு டன்னுக்குக் கீழ். எது மேலே போக வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை. மேல் டெக் எவ்வளவு தாங்கும் என்பது பலகையில் இருக்கும், அது மொத்தத்துக்கு ஒன்று, ஒரு அச்சுக்கு ஒன்று என்று இரண்டு எண்ணாக இருந்தால் இரண்டையும் பாருங்கள்.

டிரைவரின் பெல்ட் பக்கிள், மோதிரம், தொங்கும் சாவி எல்லாம் வெளியே வைத்துவிட்டு ஏறட்டும். ஸ்கார்பியோ-என் போன்ற 1,900 மி.மீ.க்கு மேல் அகலமுள்ள வண்டிகளில் கண்ணாடியை மடக்கிய பிறகும் தூணுக்கும் கதவுக்கும் நடுவே கஷ்டப்பட்டுத்தான் இறங்க முடியும். கதவு விளிம்பில் ஒட்டும் ரப்பர் காவல் இல்லாமல் அந்த வண்டியை உள்ளே விடாதீர்கள். வழிகாட்டுபவர் வண்டிக்கு முன்னால் நடக்காமல், ஒரு தூண் தள்ளிப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பம்பருக்குப் பம்பர் குறைந்தது 150 மி.மீ. விடுங்கள். கியர் முதலில் அல்லது ஆட்டோமேட்டிக்கில் ‘பி’, ஹேண்ட் பிரேக், பிறகு சக்கரத்துக்குக் கட்டை. கட்டை தரையின் துளைகளில் பற்கள் முழுதும் இறங்கி உட்கார வேண்டும், டயரைத் தொட்டபடி. ரயிலில் குலுக்கல் பக்கவாட்டில் மட்டும் வராது. ஷன்டிங்கின்போதும், தொப்பூர்–சிவாடி போன்ற ஏற்ற இறக்கத்தில் பிரேக் பிடித்து விடும்போதும், நீளவாட்டில் வரும் இடிதான் வண்டியை நகர்த்துகிறது. கட்டைக்கும் டயருக்கும் விரலளவு இடைவெளி விட்டால் வண்டி அந்த அளவுக்கு ஓடி வந்து இடிக்கும், இடித்து இடித்துக் கட்டையைப் பிடுங்கிவிடும்.

இரு சக்கர வண்டிகள் என்றால் கதையே வேறு. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஸ்கூட்டரும் பைக்கும் செய்யும் ஆலைகள் இருப்பதால் இதைக் கேட்பவர்கள் அதிகம். உயரம் ஒரு பிரச்சினையே இல்லை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் தொட்டியும் இரு பக்கம் இழுத்துக் கட்ட வளையமும் டெக்கில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. சைடு ஸ்டாண்டை நம்பி ஒரு வண்டியும் ஏற்றக் கூடாது.

அனுப்பும் முன்

இறக்கும் இடத்தின் ரேம்ப் எந்த உயரம்வரை போகும் என்று டெக்கை நிறுத்துவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். இங்கே உச்சித் துளையில் நிறுத்திய மேல் டெக்குக்கு அங்குள்ள ரேம்ப் எட்டாவிட்டால், சுமையோடு டெக்கை இறக்கவும் முடியாது. ரேக் வழியில் திசை மாறுகிறதா என்றும் கேளுங்கள். மாறினால் வண்டிகளை ரிவர்ஸில் இறக்க வேண்டிவரும், அதற்கேற்ற ஆட்கள் அங்கே வேண்டும்.

ஆர்.ஆர். (ரயில்வே சரக்கு ரசீது) போடுவதற்கு முன் ஒருவர் எல்லா வேகனிலும் இறங்கி ஏறிப் பின்களை எண்ண வேண்டும், டெக்கை நிறுத்தியவர் அல்லாத இன்னொருவர். எண்ணிக்கையை வேகன் வாரியாகச் சீட்டில் எழுதி, அதன் ஒரு நகலை இறக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். எந்த வேகன் எந்தத் துளையில் இருக்கிறது, எந்த முனைத்துண்டைக் கடைசியாகப் பூட்டினோம், எந்தத் தூணில் துளை தேய்ந்திருக்கிறது என்பதும் அதில் இருக்கட்டும். காலி ரேக் திரும்பும்போது டெக்குகள் நடுத் துளைக்கு வந்து, உதிரிப் பின்கள் பெட்டியில் பூட்டப்பட்டு வர வேண்டும் என்று அதே சீட்டின் அடியில் எழுதிவிடுங்கள்.